லயத்து வாசலால் போகும் டிப்பர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் வரும் பாதை, தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்கு முன்னால் 12 அடி அகலம்தான். ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டிய மண்மேடு, மறுபக்கம் மழைநீர் ஓடும் கான், கானைத் தாண்டினால் லயத்தின் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து காலை நீட்டினால் பாதம் கானுக்கு மேலே நிற்கும். நான் பிறந்து வளர்ந்ததும், இன்று தோட்டப் பாடசாலையின் ஆசிரியையாக நாள்தோறும் நடந்து போவதும் இந்தப் பாதையில்தான். இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பக்கத்தில் இதுபோன்ற பாதைகள் பல உண்டு. எங்கள் தோட்டத்தின் பெயரை எழுதினால், யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்பதும் வெளிப்பட்டுவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். குறை சொல்லப்படுகிறவர்களோடு நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சு முறிந்துவிடக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தப் பாதையில் வந்த பாரமான வாகனங்கள் இரண்டு வகைதான். மலையிலிருந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொழுந்து ஏற்றிப் போகும் லொறி ஒன்று, ஸ்டோரின் அடுப்புக்கு விறகு கொண்டுவரும் லொறி மற்றொன்று. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால், கொழுந்து மிகுந்த மாதங்களில் அந்த லொறி நாளுக்குப் பல தடவை வந்து போகும். ஆனால் அதன் சாரதி எங்கள் தோட்டத்துப் பிள்ளை. எந்த வாசலிலிருந்து எந்தக் குழந்தை ஓடிவரும், பிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு அம்மாமார் எந்த நேரத்தில் மலைக்கு ஏறுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறகு, தோட்ட எல்லைக்கு அப்பால் இருக்கும் மலைச்சரிவில் கல் குவாரி ஒன்றும் அதனோடு சேர்ந்து கல் உடைக்கும் கிரஷரும் வந்தன. அங்கிருந்து பிரதான வீதிக்கு இறங்க மிகக் கிட்டிய வழி எங்கள் பாதையாக இருந்தது. யாரும் எங்களிடம் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை முதலாவது பத்துச் சில்லு டிப்பர் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் விடியற்காலை முதல் மாலை வரை அவை ஓடத் தொடங்கிவிட்டன.

இரண்டு ஆண்டுகளாக நாங்கள் முறையிட்டது தூசியையும் சத்தத்தையும் பற்றித்தான். வெறுமையாக ஏறிவரும் டிப்பரின் பெட்டி குழியில் விழுந்து எழும்போது எழுகிற சத்தம், பாரத்தோடு இறங்கும் டிப்பரின் சத்தத்தைவிடக் கொடியது என்பதை அந்தப் பாதையோரத்தில் வாழாதவர்கள் அறிய வாய்ப்பில்லை. தை, மாசி மாதங்களில் காயப்போட்ட துணியை இரண்டாம் முறை அலச வேண்டியிருந்தது. சுவரில் வெடிப்பு வந்துவிட்டதாகவும் பலர் சொன்னார்கள். அதைப் பற்றி நான் தேடிப் படித்தபோது, எங்களுக்கு உவப்பில்லாத ஒரு செய்தி கிடைத்தது. பாரமான வாகனத்தால் வரும் அதிர்வு, கட்டடத்துக்குச் சேதம் தரும் அளவை எட்டுவதற்கு வெகு முன்னரே மனிதருக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்குள் இருப்பவர் செக்கனுக்கு 0.3 மில்லிமீற்றர் வேகமுள்ள அதிர்வையே உணர்ந்துவிடுவார்; சாதாரணக் கட்டடத்தில் மேற்பூச்சு வெடிப்பதற்கு அதைவிடப் பல மடங்கு அதிர்வு வேண்டும் என்றே பிரித்தானிய நியமங்கள் சொல்கின்றன. அந்த நியமங்கள் நூறாண்டு பழைமையான, கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய லயச் சுவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையல்ல என்பது வேறு விடயம். ஆனாலும், வெடிப்புக்கு டிப்பர் மட்டுமே காரணம் என்று அதிகாரிகள் முன்னால் அடித்துச் சொன்னால் முதல் கேள்வியிலேயே நாங்கள் மடக்கப்படுவோம் என்று எனக்குப் புரிந்தது. அதிர்வு பெரும்பாலும் பாதையின் குழியிலிருந்து பிறக்கிறது என்பதும், குழியை நிரப்பினாலே அதிர்வின் பெரும்பங்கு தணிந்துவிடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

உண்மையான ஆபத்து எங்கள் கண்ணெதிரே இருந்தும் நாங்கள் அதைப் பார்க்கவில்லை. ஆனி மாதத்து இரவொன்றில், தென்மேற்குப் பருவக்காற்று மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, கீழ் லயத்தின் பின்பக்கத்துக் குசினிகளுக்குள் சேற்று நீர் புகுந்தது. மேலேயிருந்து கானில் போக வேண்டிய நீர் பாதையைக் குறுக்கறுத்து, விளிம்பைக் கரைத்துக்கொண்டு, நேரே சரிவில் இறங்கியிருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கோவிலுக்குப் போய் இரவைக் கழித்தோம். எவருக்கும் உயிராபத்து நேரவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால், மேல் லயத்து வளைவில் இருந்த மதகின் வாய் நொறுங்கிக் கிடந்தது. எதிரில் வந்த ஓட்டோவுக்கு ஒதுங்கியபோதோ, வளைவில் திரும்பியபோதோ, டிப்பரின் பின் சில்லுகள் அந்த விளிம்பில் ஏறி ஏறி, கட்டுக்கல்லைக் கானுக்குள் தள்ளியிருந்தன. அதன்மேல் டிப்பர்களிலிருந்து சிந்திய சல்லிக்கல் சேர்ந்து கானை அடைத்திருந்தது. நாங்கள் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்டுகளில், பாதை நீர் போகும் வழியை இழந்துகொண்டிருந்திருக்கிறது.

சமவெளியில் லொறி வீதியைக் கெடுத்தால் வீதி கெடும். மலையில் லொறி கானைக் கெடுத்தால் சரிவு கெடும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அந்தச் சரிவுக்குக் காரணங்கள் வேறு. ஆனால் நீர் போக வேண்டிய வழியில் போகாமல் மண்ணுக்குள் இறங்கும்போது சரிவின் பலம் குறைகிறது என்பது எங்கும் ஒன்றுதான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கங்காணிமார் மழைக்கு முன்னர் கான் வெட்டுவதற்குத் தனி ஆட்களை ஒதுக்கியதும் அதை அறிந்துதான்.

அடுத்த கேள்வி, அந்த மதகை யார் கட்டித் தருவது என்பது. அதற்கு விடை தேடிய மாதங்களில்தான் இந்தப் பிரச்சினையின் வேர் எங்கே இருக்கிறது என்று கண்டேன். இலங்கையில் ‘ஏ’, ‘பி’ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. ‘சி’, ‘டி’ தர வீதிகள் மாகாண நிருவாகத்துக்கு உரியவை. அதற்குக் கீழுள்ளவை பிரதேச சபையின் பொறுப்பு. தோட்டப் பாதை இவற்றில் எதிலும் சேர்வதில்லை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் அரசுடைமையாயின; 1992 முதல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. ஆகவே நிலம் அரசினுடையது, பாதையைக் கையில் வைத்திருப்பது கம்பனி, அதில் நடப்பவர்கள் நாங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபைகள் பணம் செலவிடுவதற்குப் பெருந்தடையாக நீண்ட காலம் இருந்தது. எங்கள் வாக்கால் தெரிவான உறுப்பினர் எங்கள் பாதைக்கு ஒரு கூடை சல்லி போடவும் அந்தச் சட்டம் குறுக்கே நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய சபைகளும் அமைந்தன. சட்டம் வழிவிட்ட பிறகும், இது கம்பனியின் பாதை என்று சபையும், குவாரி வண்டிகளால் வந்த சேதம் என்று தோட்ட நிருவாகமும், தோட்டத்தின் அனுமதியோடுதான் போகிறோம் என்று குவாரிக்காரர்களும் சொன்னால், மதகு நொறுங்கிய இடத்திலேயே கிடக்கும். எங்கள் மதகு ஒன்பது மாதங்கள் அப்படியே கிடந்தது.

ஆகவே பாரமான வாகனங்களைப் பற்றி முறையிடப் போகும் எவருக்கும் நான் சொல்வது, சத்தத்தையும் தூசியையும் பற்றி எழுதுவதற்கு முன்னர், அந்தப் பாதை யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்பதுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிய விண்ணப்பத்துக்கு, தகவலைத் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டிய கடமை அரச அலுவலகத்துக்கு உண்டு. தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. நாங்கள் மூன்று கேள்விகள் கேட்டோம்: பாதை யார் வசம் உள்ளது, குவாரிக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரங்கள் எவை, அவற்றில் கல் கொண்டுபோகும் வழி பற்றி என்ன நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது. ஒரு குவாரி நடத்துவதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரமும் வேண்டும். இவை ஒருமுறை வாங்கி வாழ்நாள் முழுவதும் வைத்திருப்பவை அல்ல, காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுபவை. நடுவில் எழுதும் மனு கோப்புக்குள் போய்விடலாம். புதுப்பிக்கும் வேளையில் போய்ச்சேரும் மனுவை ஒதுக்கிவைப்பது கடினம். இதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவர். அவர் சொல்லாவிட்டால் நாங்கள் இன்னும் பொலிஸ் நிலையத்துக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் நடந்துகொண்டிருப்போம்.

பாரத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு எல்லாத் தரப்பினரும் கூடிய கூட்டத்தில் மிகுந்த வாக்குவாதம் அதைப் பற்றித்தான் நடந்தது. எங்கள் ஊரில் கல்லையும் மணலையும் கியூப் கணக்கில்தான் வாங்குவார்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி. சல்லியென்றால் அது 4 தொன்னுக்கு மேல் நிறுக்கும். மழையில் நனைந்த மணலென்றால் இன்னும் கூடும். மூன்று கியூப் ஏற்றிய டிப்பர், தன் சொந்த எடையையும் சேர்த்து 20 தொன்னைத் தாண்டிவிடும். பெட்டியின் பக்கங்களில் பலகை அடித்து உயர்த்திக்கொண்டால் எவ்வளவு ஏறுகிறது என்பதை அந்தச் சாரதியே சரியாகச் சொல்ல மாட்டார். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், இதற்கென்றே வீதிகள் போட்டு லொறிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்த ஒரு பெரிய சோதனை நடந்தது. வீதிக்கு ஏற்படும் சேதம் அச்சின் பாரத்தோடு ஒரே விகிதத்தில் கூடுவதில்லை, ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்ற விதி அதிலிருந்து வந்தது. அச்சில் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. பாரம் கால் பங்கு கூடினாலே சேதம் இரண்டரை மடங்கை நெருங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுக்குகள் கற்பிக்கும்போது இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டேன்; அன்று வகுப்பில் எவரும் வேறுபக்கம் பார்க்கவில்லை. அதே கணக்கைக் கூட்டத்திலும் போட்டேன். பயணங்களைக் குறைப்பதற்காகக் கூடுதலாக ஏற்றுகிறோம், அது உங்களுக்கும் நல்லதுதானே என்று குவாரி முகாமையாளர் சொல்லிவந்த நியாயம் அந்தக் கணக்கின் முன்னால் நிற்கவில்லை. ஒரு வண்டி குறைவதால் பாதைக்குக் கிடைக்கும் ஓய்வைவிட, மிகுந்த பாரத்தோடு போகும் வண்டியால் வரும் கேடு பெரிது. மேலும் இந்தப் பாதை முதலில் மாட்டு வண்டி போவதற்காகவும், பிறகு சிறிய கொழுந்து லொறிக்காகவும் திருத்தப்பட்டது. சோதனை நடந்த வீதிகளைப் போல அடித்தளம் போட்டதல்ல.

கூட்டம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில் நடந்தது. தோட்டத்தின் உதவி முகாமையாளரான சின்னத்துரை, குவாரி முகாமையாளர், இரண்டு தொழிற்சங்கத் தலைவர்மார், சபை உறுப்பினர், பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், பாடசாலைத் தரப்பில் அதிபரும் நானும் இருந்தோம். முதல் அரை மணித்தியாலம் ஆளுக்கொரு பக்கம் குற்றம் சொல்வதில் கழிந்தது. அதை மாற்றியது பின்வரிசையில் நின்ற டிப்பர் சாரதி ஒருவரின் பேச்சு. “டீச்சர், எங்களுக்கு நாள் சம்பளம் இல்ல. லோட்டுக்குத்தான் காசு. பிள்ளைக ஸ்கூலுக்குப் போற நேரம் நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுறேன், அந்த லோட்டு காச யாரு தருவா?” என்று அவர் கேட்டார். அவரும் மலையகத்துப் பிள்ளைதான், பக்கத்துத் தோட்டம். வேகத்துக்கு அவருடைய குணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நாங்கள், கூலி கணக்கிடப்படும் முறையைப் பற்றி அதுவரை யோசித்ததே இல்லை. லோட்டுக்குக் கூலி என்றால், வளைவில் நின்று வழிவிடும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய அரிசிக் காசிலிருந்து கழிகிறது. பாடசாலை நேரத்தில் நிற்கும் வண்டிகளின் சாரதிகளுக்கு அந்த நேரத்துக்கென ஒரு தொகையைக் குவாரியே கொடுப்பதென்று அன்று முடிவானது. ஒப்பந்தத்தில் மிகப் பயன் தந்த வரி அதுதான் என்று நான் நம்புகிறேன்.

பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகிறது. காலை 6.45 முதல் 7.45 வரையும் பகல் 1.15 முதல் 2.15 வரையும் டிப்பர் எதுவும் தோட்ட எல்லைக்குள் வருவதில்லை என்று எழுதினோம். அதைப் பார்த்துக்கொள்ள எல்லையில் கேட் போட்டு, ஓய்வுபெற்ற தொழிலாளியான ஒரு அக்காவை இருத்தினார்கள். அவருடைய சம்பளம் குவாரியினுடையது, கொப்பி எங்களுடையது. வண்டி இலக்கம், நேரம், தார்ப்பாய் மூடியிருக்கிறதா என்ற மூன்றையும் அவர் குறித்துவைக்கிறார். எங்களுடைய பழைய முறைப்பாடுகளில் “எந்நேரமும் ஓடுகிறார்கள்” என்றுதான் எழுதியிருந்தோம். கொப்பி வந்த பிறகு, எந்த நாள், எந்த நேரம், எந்த வண்டி என்று எழுத முடிந்தது. பொலிஸ் நிலையத்திலும் அதற்குத்தான் காது கொடுத்தார்கள்.

எதிரும் புதிருமாக வண்டிகள் சந்திக்கும் சிக்கலும் இருந்தது. மலைப்பாதையில் ஏறிவருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடுவது வழக்கம். ஆனால் இங்கே ஏறிவருவது வெறும் வண்டி, இறங்குவது பாரம் ஏற்றிய வண்டி. பாரத்தோடு இறங்குகிற வண்டியை நிறுத்தி விளிம்புக்கு ஒதுக்கினால் மதகும் போகும், சில வேளை வண்டியும் போகும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே நம்பி வரும் வண்டியின் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும் என்பதால், சின்ன கியரில் நிதானமாக இறங்கும் வண்டியை நடுவழியில் குழப்பாமல் இருப்பதே பாதுகாப்பு. ஆகவே கேட்டுக்கும் குவாரிக்கும் இடையில் தொலைபேசியில் சொல்லிக்கொண்டு, மேலேயிருந்து ஒரு வண்டி இறங்கி முடிந்த பிறகே கீழேயிருந்து அடுத்ததை விடுவது என்று ஏற்பாடானது. வேகத்தடை போடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள், நான் எதிர்த்தேன். லயத்து வாசலில் மேடு போட்டால் வெறும் டிப்பர் ஒவ்வொன்றும் அங்கே இடியோசை எழுப்பிக்கொண்டு போகும். மழைநீரும் அந்த மேட்டில் தடைப்பட்டுத் திசைமாறும்.

மழைக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று வற்புறுத்தியது நான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் மழை அளவுகள் 24 மணித்தியாலத்துக்கு 75, 100, 150 மில்லிமீற்றர். ஸ்டோரில் மழைமானி இருக்கிறது. அங்கே இன்னும் அங்குலக் கணக்குத்தான். 75 மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ 3 அங்குலம், 100 என்பது 4, 150 என்பது 6. மழைமானி 3 அங்குலத்தைத் தொட்டால் மறுநாள் கானைப் பார்த்து முடிக்கும்வரை டிப்பர் ஓடாது என்று எழுதினோம். சின்னத்துரை இதற்கு உடனே சம்மதித்தார், ஏனென்றால் பாதை உடைந்தால் அவருடைய கொழுந்தும் ஸ்டோருக்குப் போய்ச்சேராது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாடசாலை நேரம் காப்பாற்றப்படுகிறது. மதகை குவாரியின் செலவில் திரும்பக் கட்டினார்கள். விளிம்பில் சில்லு ஏறாதபடி கருங்கல் நாட்டியிருக்கிறார்கள். தூசி அடங்கப் பௌசரில் தண்ணீர் தெளிப்பது முதல் இரண்டு மாதம் நடந்தது, பிறகு நினைத்த நேரம்தான். தார்ப்பாய் கேட்டில் மூடியிருக்கிறது, வளைவு தாண்டியதும் காற்றில் பறக்கிறது. பாரத்துக்கு எல்லை வைப்பதற்கு மட்டும் இன்றுவரை சம்மதம் கிடைக்கவில்லை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கத் தராசு உண்டு; டிப்பர் நிறுக்க எங்கள் பக்கத்தில் எதுவும் இல்லை. பக்கப்பலகையைக் கழற்ற வேண்டும், பெட்டியின் விளிம்புக்கு மேல் கல் தெரியக் கூடாது என்பது எங்கள் கோரிக்கை. அதைக் கண்ணால் பார்த்தே கேட் அக்கா கொப்பியில் எழுதிவிடலாம்.

குவாரியை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்து இளைஞர்கள் பன்னிரண்டு பேர் அங்கே வேலை செய்கிறார்கள். தோட்டக் குடும்பங்களுக்கென 7 பேர்ச் (ஏறத்தாழ 1,900 சதுர அடி) காணியில் எழும்பும் புது வீடுகளுக்கு அத்திவாரக் கல் அந்த மலையிலிருந்தே வருகிறது. லயத்தை விட்டு வெளியேறக் காத்திருக்கும் எங்களுக்கு அந்தக் கல் வேண்டும். அது வருகிற பாதையும் எங்களுக்கு வேண்டும்.

வருட முடிவில் வியாபார அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும் என்பதால், பாரத்துக்கான நிபந்தனையைச் சேர்க்கும்படி பிரதேச சபைக்கு மனு ஒன்று எழுதியிருக்கிறோம். கையொப்பத் தாள் மேல் லயத்தில் முடிந்து, இப்போது கீழ் லயத்தில் இருக்கிறது. நேற்று மாலை மலையிலிருந்து இறங்கிய கையோடு, கூடையை இஸ்தோப்பில் இறக்கிவைத்துவிட்டு, அந்த ஆனி மாத இரவில் குசினியை இழந்த அக்கா பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னர், “கானைப் பத்தி எழுதியிருக்கீங்களா டீச்சர்?” என்று கேட்டார். முதல் வரியே அதுதான் என்று விரலை வைத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி அதை வாசித்து முடித்த பிறகே கையெழுத்திட்டார்.